அடுக்களை ஏறிய பூக்கள்

பூவைப் பற்றித் தமிழிலே எழுதப்பட்டவை ஏராளம். நிலத்துக்குப் பூவின் பெயரை இட்டதும், போருக்குப் பூச்சூடிச் சென்றதும், பூவின் பருவம் ஒவ்வொன்றுக்கும் அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல் எனத் தனித்தனிப் பெயர் வகுத்ததும் தமிழர் செய்தவையே. கபிலர் குறிஞ்சிப்பாட்டிலே 99 பூக்களை நிரைப்படுத்தினார். அவற்றைக் கொய்த மகளிர் பாறையிலே குவித்தனர், அடுப்பிலே இட்டாரில்லை. சேரன் பனம்பூவையும் சோழன் ஆத்தியையும் பாண்டியன் வேம்பையும் சூடினர் என்பது பாடசாலைப் பிள்ளைகளும் அறிந்த செய்தி. பாண்டியன் முடியில் ஏறிய அதே வேப்பம்பூ யாழ்ப்பாணத்து வீடுகளிலே உழுந்தோடும் வெண்காயத்தோடும் கலந்து வடகமாகிச் சுளகிலே காய்கின்றது. முன்னதை இலக்கியம் எடுத்துக்கொண்டது. பின்னது அடுக்களையோடு நின்றுவிட்டது.

வலிகாமத்துக் கிராமமொன்றிலே எழுபது வயதைக் கடந்த மூதாட்டி ஒருவரின் வளவு இக்கட்டுரைக்குப் போதிய களமாகும். இரண்டு பரப்புக் காணி; செம்மண்; நடுவே கிணறு. கிணற்றடியிலே வாழைகள், வேலியோரத்திலே அகத்தியும் முருங்கையும், கோடிப்புறத்திலே ஒரு பெரிய வேம்பு. மழை ஓய்ந்த மாதங்களிலே கிணற்று நீரை நம்பிப் படரும் பூசணிக்கொடி ஒன்றிரண்டு. இவை தவிர வாசற்புறத்திலே செவ்வரத்தை, நந்தியாவட்டை, பவளமல்லி, மஞ்சள் அலரி ஆகியனவும் உண்டு. அவை சுவாமிக்கு உரியவை. மஞ்சள் அலரியோ வேர் முதல் விதை வரை நஞ்சு; அது அடுக்களைப் பக்கம் எட்டிப் பார்க்கவும் ஆகாது. பூ என்ற காரணத்தால் எதையும் சட்டியிலே போடலாம் என்று எண்ணுகின்ற புதுமை விரும்பிகள் இதை முதலிலே மனங்கொள்ளுதல் நன்று.

ஒரே வளவிலே இரண்டு பூக்கணக்குகள் நடைபெறுவதை அம்மூதாட்டியின் காலைப்பொழுதிலே காணலாம். பொழுது புலருமுன் சுவாமிக்குப் பூ எய்வார். அதற்குரிய விதி, நிலத்திலே விழுந்த பூ ஆகாது என்பது. பவளமல்லி ஒன்றுக்கு மாத்திரம் அதிலே விலக்கு உண்டு; அது உதிர்ந்தே கிடைப்பதாதலின் பொறுக்கி வைப்பினும் குற்றமில்லை. பூத்தட்டைச் சுவாமியறையிலே வைத்துவிட்டுச் சுளகோடு பின்வளவுக்குப் போவார். அங்கே விதி தலைகீழாகும். மரத்திலே நிற்கும் பூவிலே கைவைக்கத் தயங்குவார். நிலத்திலே கிடப்பதை ஆவலோடு பொறுக்குவார். கடவுளுக்கு ஆகாத வீ வயிற்றுக்கு ஆகின்றது. இதன் காரணம் பின்னர் விளங்கும்.

முதலிலே வாழைப்பொத்தி. பூவைச் சமைப்பதாக எவரும் எண்ணாமலே சமைக்கும் பூ இது. குலை தள்ளும்போது முதலிலே விரியும் மடல்களின் கீழே உள்ளவை பெண்பூக்கள், அவையே சீப்புகளாகின்றன. கடைசிச் சீப்பு வெளிப்பட்டபின் தொங்கும் பொத்தியிலே உள்ளவை காயாகாத ஆண்பூக்கள். அதனை அப்படியே விட்டால் மடல் மடலாக விரிந்து உதிர்ந்து கொண்டேயிருக்கும். ஒடித்தால் குலைக்கு இழப்பில்லை, சத்து மிச்சப்பட்டுக் காய் திரள உதவுகின்றது. சிவந்த புறமடல்களை நீக்கிக்கொண்டு போனால் உள்ளே வெளிறிய குருத்து வரும். புறத்தே உள்ள பூக்களிலே நடுவில் நிற்கும் தடித்த நரம்பையும் கண்ணாடி போன்ற சிறு செதிலையும் களையவேண்டும், அவை வேகமாட்டா. கையிலே தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டு பொடியாக அரிந்து, உப்பும் மஞ்சளும் கலந்த நீரிலே உடனே போடாவிடின் கயர் கறுத்துவிடும். பின்பு பிசைந்து பிழிந்து, தாளித்த வெண்காயத்தோடு வதக்கி, தேங்காய்ப்பூப் போட்டுப் பிரட்டி, இறக்கியபின் தேசிப்புளி விட்டால் வறையாகும். துருவிய தேங்காயைப் பூ என்று வழங்குவது யாழ்ப்பாணத் தமிழின் அழகுகளுள் ஒன்று. எந்தப் பூவைச் சமைத்தாலும் கடைசியிலே இந்தப் பூவும் அதிலே விழவேண்டும்.

அகத்திப்பூ எளியது. வெற்றிலைக்கொடிக்குக் கொழுகொம்பாகவும் வேலிக்குக் கதியாலாகவும் நின்ற மரத்தின் பூ அது. பிறைபோல் வளைந்த வெள்ளைப் பூவைப் பிளந்து, உள்ளே நிற்கும் மகரந்தத் தாள்களையும் நடுத்தண்டையும் இழுத்தெடுத்துவிட்டாற் கைப்பு பெரும்பாலும் போய்விடும். பச்சைமிளகாயோடு வறுக்கலாம், பருப்போடும் சேர்க்கலாம். ஏகாதசி விரதம் முடித்துத் துவாதசியன்று பாரணைக்கு அகத்திக்கீரை தேடுவோர் அதே கொப்பிலே உள்ள பூவையும் எடுத்து வருவதுண்டு. தெற்கிலே சிங்கள மக்களும் அகத்தியைக் கத்துருமுருங்க என வழங்கிச் சமைப்பர்.

வேப்பம்பூவுக்கு வருவோம். யாழ்ப்பாணத்துப் பூச்சமையலிலே தலைமை பெறுவது அதுவே. பங்குனியும் சித்திரையும் அதன் காலம். தமிழ்நாட்டிலே புத்தாண்டன்று வெல்லமும் புளியும் சேர்த்து வேப்பம்பூப் பச்சடி செய்வர்; அது ஒரு நாளைக்குரிய கைப்பு. யாழ்ப்பாணத்தவர் ஆண்டு முழுவதற்கும் கைப்பைச் சேமித்து வைக்கின்றனர்.

மாலையிலே வேம்பின் கீழ் நிலத்தைக் கூட்டி, பழைய சேலையொன்றை விரித்து, நான்கு மூலையிலும் கல் வைத்துவிடுவார் மூதாட்டி. காலையிலே சேலை வெண்மையாகக் கிடக்கும். தேன் மணம் எழும். அதைச் சுளகிலே கொட்டிப் புடைத்தால் காம்பும் எறும்பும் ஒருபுறம் போய்ப் பூ ஒருபுறம் தங்கும். இவ்வாறு பத்துப் பன்னிரண்டு காலைகள் சேர்த்தால்தான் வடகத்துக்குப் போதிய பூ தேறும். காய்ந்தபின் கைப்பிடிக் கணக்கிலே சுருங்கிவிடும் பொருள் அது. அவருடைய அளவு, இரண்டு சுண்டு காய்ந்த பூவுக்கு ஒரு சுண்டு உழுந்து. உழுந்தை ஊறவைத்துத் தோல் நீக்கிக் கரகரப்பாக அரைப்பார். மிக மைபோல் அரைத்தால் வடகம் கல்லாகும் என்பது அவர் கொள்கை. சின்ன வெண்காயத்தை அரிந்து, செத்தல் மிளகாயை நறுக்கி, பெருஞ்சீரகம், கறிவேப்பிலை, உப்பு ஆகியவற்றோடு எல்லாவற்றையும் ஒன்றாகக் குழைத்து, உள்ளங்கையிலே தட்டி, ஓலைப்பாயிலே வரிசையாக அடுக்குவார். நான்கைந்து நாள் வெயில் வேண்டும்; இரண்டாம் நாள் புரட்டிப் போடவேண்டும். காகத்துக்குக் காவலாகப் பிள்ளை ஒன்று இருத்தல் வேண்டும் என்பது மரபு. இந்நாளிலே அப்பணிக்குப் பிள்ளைகள் கிடைப்பதில்லை. பழைய மீன்வலைத் துண்டொன்று அவ்விடத்தை எடுத்துக்கொண்டது.

பொரிக்கும்போது தணல் தணிவாக இருக்கவேண்டும். உழுந்து சிவக்குமுன் பூ கருகிவிடும். விரத நாட்களிலே சோற்றுக்கும் தயிருக்கும் துணையாகவும், பழஞ்சோற்றுக்குக் கடித்துக்கொள்ளவும் இதற்கு நிகர் வேறொன்றில்லை. முதற் கடியிலே உறைப்பு, பின்பு உழுந்தின் மொறுமொறுப்பு, கடைசியாக நாவின் அடியிலே வந்து தங்கும் மெல்லிய கைப்பு. வேப்பிலையின் கைப்பு அதட்டும். பூவின் கைப்பு அவ்வாறு அதட்டுவதில்லை. வெளிநாடு போனவர்களுக்கு ஊரிலிருந்து அனுப்பப்படும் பொதிகளிலே இந்த வடகமும் தவறாது இடம்பெறுவதைப் பலர் கண்டிருப்பர்.

மரத்துக்கு இவ்வாறு பூவை எடுப்பதால் இழப்பேதும் இல்லை. சேலையிலே விழுவது மரம் தானாகக் கைவிட்டது. வன்னிப் பக்கத்து இலுப்பையும் இவ்வாறே. காய் பிடிக்கவேண்டிய உறுப்பை மரத்திலே வைத்துக்கொண்டு, சதைப்பற்றான இனிய இதழ்க்குவளையை மாத்திரம் விடியுமுன் உதிர்த்துவிடும். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூச் சர்க்கரை என்ற பழமொழி இகழ்ச்சியாகவே இன்று வழங்குகின்றது. இலுப்பையின்மேல் அவ்வளவு இகழ்ச்சி ஏன் என்பது விளங்கவில்லை. கேளாமலே நிலத்திலே இனிப்பைக் கொட்டும் மரம் அது.

பூவை உண்பது காயை விடுப்பதாகும் என்பதே இந்தச் சமையலின் உள்ளே கிடக்கும் கணக்கு. கத்தரிப்பூவையோ பாகற்பூவையோ எவரும் பறித்துச் சமைக்காமைக்குக் காரணம் சுவை மாத்திரம் அன்று. காயாகாதது, காயாகி முடிந்தபின் எஞ்சியது, தானே உதிர்வது என்ற மூன்று வகைக்குள் அடங்கும் பூக்களே பெரும்பாலும் யாழ்ப்பாணத்து அடுக்களை ஏறியிருக்கின்றன. அகத்திக்கு இக்கணக்கு இல்லை; அதன் காயை நம்பி எவரும் அதை நட்டதில்லை. இக்கணக்கு தெரியாமற் பூவைப் பறிப்பது முதலைத் தின்பதாகும். அதனை மூதாட்டியின் பேர்த்தி கற்றுக்கொண்டது 2022ஆம் ஆண்டிலே.

அவ்வாண்டின் நெருக்கடி வாசகருக்கு நினைவிருக்கும். எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் நாட்கணக்கில் வரிசை. அதற்கு முந்திய ஆண்டு இரசாயன உர இறக்குமதி திடீரென நிறுத்தப்பட்டிருந்தது. 2022 யூனிலே, அரசாங்க ஊழியர் வீட்டுத்தோட்டம் செய்வதற்கென வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை வழங்கும் முடிவொன்றும் வந்தது. வெள்ளிக்கிழமை மாத்திரம் வளரும் பயிர் எதுவென்று ஊரிலே கேலி பேசினர். போக்குவரத்து முடங்கிப் பல்கலைக்கழகத்திலிருந்து வீட்டுக்கு வந்திருந்தாள் பேர்த்தி. பூசணிப்பூவை மாவிலே தோய்த்துப் பொரிக்கலாம் என்று எங்கோ படித்திருந்தாள். உண்மைதான், வங்காளத்திலே அரிசிமாவிலும் கடலைமாவிலும் தோய்த்துப் பொரிப்பர், இத்தாலியிலே பாற்கட்டியை உள்ளே வைத்துப் பொரிப்பர், மெக்சிக்கோவிலும் அது பெருவழக்கு. யாழ்ப்பாணத்திலேதான் பூசணிப்பூ அவ்வளவாக அடுக்களை ஏறியதில்லை.

ஒரு நாட் காலை, கொடியிலே விரிந்து நின்ற பூக்கள் அத்தனையையும் அவள் ஒரு பெட்டி நிறையப் பறித்து வந்தாள். மூதாட்டி பெட்டிக்குள்ளே பார்த்தார். கையை விட்டு இரண்டு பூக்களை வெளியே எடுத்தார்.

“உதையேன் பிள்ளை புடுங்கினனீ? உது காயல்லோ.”

“பூத்தானே அம்மம்மா?”

“பூவெண்டால் எல்லாம் பூவோ? காம்பைப் பார்.”

மற்றப் பூக்களுக்கு நீண்டு மெலிந்த காம்பு. அந்த இரண்டுக்கும் காம்பு குறுகி, இதழுக்குக் கீழே பெருவிரல் நுனியளவிலே ஒரு பூசணிப்பிஞ்சு இருந்தது. தாவரவியல் நூலிலே ஆண்பூ, பெண்பூ என அவள் படித்துப் படம் கீறிப் புள்ளியும் பெற்றிருந்தாள். பெட்டிக்குள்ளே கிடந்தபோது அவளுக்கு அது தெரியவில்லை. இரண்டு காய் போயிற்று. அந்நாளிலே சந்தையிலே ஒரு பூசணிக்கீற்றின் விலையை அறிந்தவர்கள் அவ்விழப்பை விளங்கிக்கொள்வர். மூதாட்டி ஏசவில்லை. பிஞ்சுகளை அரிந்து கூட்டுக்குள் போட்டார். ஆனால் அன்று முழுதும் கொடிப்பக்கமே போய்ப் போய் வந்தார்.

மறுநாள் விடியலிலே பேர்த்தியை எழுப்பிக்கொண்டு போனார். பூசணிப்பூ விடியலில் விரிந்து நண்பகலுக்குள் கூம்பிவிடும். அதற்குள் தேனீ வந்து மகரந்தத்தைச் சேர்க்காவிடின் பிஞ்சு மஞ்சளாகி வெம்பி விழும். ஆண்பூக்களே முதலில் வரும், மிகுதியாகவும் வரும். எனினும் அவை அத்தனையையும் எடுத்துவிட்டால் பெண்பூ நின்றும் பயனில்லை. மூதாட்டி ஓர் ஆண்பூவைக் காம்போடு கொய்து, இதழைச் சுற்றிவரக் கிள்ளி எடுத்துப் பேர்த்தியின் கையிலே கொடுத்தார். எஞ்சிய மகரந்தத் தண்டைப் பெண்பூவின் நடுவிலே மெல்லத் தொட்டுத் தடவினார். இதழ் சட்டிக்கு, மகரந்தம் காய்க்கு. இவ்வாறு நான்கு பூ. இன்னும் சில ஆண்பூக்களைத் தேனீக்கென விட்டு மற்றவற்றை எடுத்தார்கள். அன்று பொரித்தது எட்டுப் பூக்கள். தேங்காயெண்ணெய் விற்ற விலையிலே அதற்குமேல் பொரிக்க எண்ணெயும் இல்லை.

நிலத்திலே கிடக்கும் முருங்கைப்பூவை அவர் பொறுக்கும் வழக்கத்தைப் பேர்த்தி அந்நாட்களிலேதான் கவனித்தாள். முருங்கை கொத்துக் கொத்தாகப் பூக்கும், கொத்துக்கு ஒன்றிரண்டு காய் நின்றால் பெரிது, மற்றவை உதிரும். ஆகவே சிறிதளவு பறிப்பதால் மரம் வறுமைப்படாது. பலரும் பறித்தே சமைக்கின்றனர். பறித்த பூ வாடாததாகவும் மண்படாததாகவும் இருக்கும். அவ்வாறிருந்தும் மூதாட்டி சேலை விரித்தும் குனிந்தும் பொறுக்கினார். முதுகு வளைந்த இக்காலத்திலும் ஏன் இந்த வேலை என்று கேட்டபோதுதான் 1995ஆம் ஆண்டின் கதை வந்தது.

அவ்வாண்டு ஒற்றோபர் 30ஆந் திகதி இரவு வலிகாமம் முழுவதும் பெயர்ந்தது. மழையிலே, நாவற்குழிப் பாதை வழியே, இலட்சக்கணக்கானோர் தென்மராட்சிக்குச் சென்றனர். மூதாட்டிக்கு அப்போது நாற்பதைச் சற்றே கடந்த வயது, மூன்று பிள்ளைகள். மட்டுவிற் பக்கத்து வளவொன்றிலே இன்னும் மூன்று குடும்பங்களோடு இடம் கிடைத்தது. வீட்டுக்காரி இளையவர், கணவனை இழந்தவர். அவருடைய வளவிலே ஐந்து முருங்கைகள். அவற்றின் காயைச் சாவகச்சேரிச் சந்தைக்குக் கொண்டுபோய் விற்பதே அவருடைய வருமானத்திற் பெரும்பகுதி. வந்த நான்கு குடும்பங்களும் கிணற்றைப் பாவித்தன, விறகைப் பாவித்தன, திண்ணையைப் பாவித்தன. அரிசி நிவாரணமாகக் கிடைத்தது. கறிக்கு எதுவும் இல்லை.

1996 மாசியிலே முருங்கை பூக்கத் தொடங்கியது. விடியலிலே எவரும் எழுமுன் மரத்தின் கீழ் உதிர்ந்த பூவை அத்தாய் பொறுக்கினார். மண்ணை உதறி, மூன்று நான்கு நீரிலே அலசி, ஒரு வெண்காயத்தோடு சுண்டவைத்தால் மூன்று பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு பிடி கிடைத்தது. முருங்கைப்பூ வேகும்போது ஒரு சட்டி ஒரு கைப்பிடியாகிவிடும். நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ வீட்டுக்காரி கண்டுவிட்டார்.

“நிலத்திலை ஏனக்கா பொறுக்குறியள்? கொப்பை வளைச்சுப் பறியுங்கோவன்.”

“வேண்டாம் தங்கச்சி. பறிச்சால் உங்கடை காயல்லோ குறையும்.”

வீட்டுக்காரி மறுமொழி சொல்லவில்லை. மறுநாட் காலை மரத்தின் கீழே வழமையிலும் மூன்று மடங்கு பூக் கிடந்தது. இரவிலே காற்றில்லை. அத்தாய் குனிந்து பார்த்தார். தானாக உதிரும் முருங்கைப்பூ வாடி, மஞ்சள் ஓடி, தனித்தனியாகக் கிடக்கும். அன்று கிடந்தவற்றிலே பாதி வெள்ளை வெளேரெனச் செழித்தவை; விரியாத மொட்டுகளும் இருந்தன; சில கொத்தாகவே விழுந்திருந்தன. எவரோ இருட்டிலே எழுந்து மரத்தை உலுப்பியிருக்கிறார்கள். அவர் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. எல்லாவற்றையும் பொறுக்கிச் சமைத்து, அரைவாசியைக் கோப்பையிலே போட்டு வீட்டுக்காரிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். அவரும் ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டார். பங்குனி முழுதும் இது நடந்தது. அந்தப் போகத்திலே அவருடைய காய் எவ்வளவு குறைந்தது என்பது கணக்கிடப்படவில்லை.

ஏப்பிரல் இறுதியிலே வலிகாமத்துக்குத் திரும்பும் பாதை திறந்தது. புறப்படும் நாளிலே வீட்டுக்காரி முருங்கைக் கொப்பொன்றைத் தறித்துச் சைக்கிளின் பின்னே கட்டிவிட்டார். முருங்கை தடியிலே தழைக்கும் மரமாதலின் அது அரிய கொடை அன்று. அக்காலத்திலே கொடுப்பதற்கு வேறேதும் அவரிடம் இருக்கவும் இல்லை. கூரை இல்லாத வீட்டுக்கு வந்து, கூரை போடுமுன் அத்தடி கிணற்றடியிலே நடப்பட்டது. முருங்கை நெடுங்காலம் நிற்கும் மரம் அன்று. ஒரு புயலிலே முறிந்தது. முறிந்த கொப்பே மீண்டும் நடப்பட்டது. இப்போது நிற்பது அதன் வழிவந்த மரம்.

கதை கேட்ட மறுநாள் பேர்த்தி மூதாட்டிக்கு முன்னரே எழுந்து சுளகோடு போனாள். நிலத்திலே பூ அதிகம் இல்லை. மயிர்க்கொட்டி இருக்கிறதா என்று அடிமரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒரு கொப்பைப் பிடித்தாள்.

“உலுப்பட்டே அம்மம்மா?”

“வேண்டாம் மோனை. விழுந்தது காணும்.”

காணவில்லை. சுண்டியபின் ஒரு சிரட்டைக்கும் போதாத வறையே மிஞ்சியது. இரண்டு முட்டை உடைத்துச் சேர்த்துத்தான் அன்று மூன்று பேருக்கும் பகிரவேண்டியிருந்தது.